டிசம்பரில் லண்டன் வந்தால் விளக்கு நடைக்கு இப்படிப் போங்கள்

லண்டனில் கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பார்க்கக் காசு எதுவும் வேண்டாம். ரீஜென்ட் ஸ்ட்ரீட்டில் போய் நின்று தலையைத் தூக்கினால் போதும். அப்புறம் எதற்கு ஒரு வழிகாட்டிக்கு ஆளுக்கு 15, 20 பவுண்டு கொடுப்பது என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு டிசம்பரும் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் ஊரிலிருந்து வந்தவர்களை நாமே கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறி வந்ததும் "அடேங்கப்பா" என்று பத்து நிமிடம் போட்டோ எடுப்போம். அதற்குள் கூட்டம் நெருக்கும், குளிர் ஏறும், யாராவது ஒருத்தர் துணிக்கடை தள்ளுபடி போர்டைப் பார்த்துவிடுவார். மிச்ச மாலை முழுக்க ஸ்வெட்டர் விலை விசாரிப்பதில் போய்விடும்.

நல்ல வழிகாட்டி கிடைத்தால் அந்த மாலை வேறு மாதிரி இருக்கும். எந்தச் சந்தில் நுழைந்தால் நெரிசல் இல்லை, எந்தத் தெருவை எந்தப் பக்கமிருந்து நடக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கடை ஜன்னலுக்கு மேலே இருக்கும் மாடிகளையும் பார்க்க வைப்பார். லண்டனின் அழகு பாதி அங்கேதான் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது எழும்பூர், இப்போது இருப்பது கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களை இந்த நடைக்கு அழைத்துப் போவது எப்படியோ என் பொறுப்பாகிவிட்டது. அதில் கற்றதைச் சொல்கிறேன்.

எந்த நாள், எத்தனை மணி

நவம்பரில் ஒவ்வொரு தெருவாக விளக்கேற்ற ஆரம்பிப்பார்கள். ஜனவரி முதல் வாரம் வரை எரியும். ஆனால் ட்ரஃபால்கர் ஸ்கொயர் மரத்துக்கு விளக்கேற்றுவது டிசம்பர் முதல் வியாழக்கிழமை. அதற்கு முன்னால் போனால் நடையின் கடைசிக் கட்டம் சப்பென்று இருக்கும். ஆகவே அந்த வியாழனுக்கு அடுத்து வரும் திங்கள், செவ்வாய், புதன் மூன்றில் ஒன்றைப் பிடியுங்கள். வியாழன், வெள்ளி மாலைகளில் அலுவலகப் பார்ட்டிக்காரர்கள் மது விடுதிகளிலிருந்து நடைபாதை வரை வழிந்து நிற்பார்கள். சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். டிசம்பர் சனிக்கிழமை மாலை ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட் என்பது தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு ரங்கநாதன் தெரு மாதிரி. குளிரும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம்.

விடுமுறைக்கு வருகிறவர்கள் பலருக்கு டிசம்பர் 20க்கு மேல்தான் டிக்கெட் கிடைக்கும். அப்படியானால் 27ஆம் தேதிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 26 அன்று தள்ளுபடி விற்பனைக் கூட்டம். 25ஆம் தேதி எந்தத் திட்டமும் போட வேண்டாம்: லண்டனில் அன்று பாதாள ரயில் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. முதல்முறை வருகிறவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள். பண்டிகை நாளில் பஸ் ஓடாத ஊரா என்பார்கள். ஓடாது. 24ஆம் தேதி இரவும் ரயில்கள் சீக்கிரமே நின்றுவிடும்.

நேரம் பற்றி எனக்குத் திடமான கருத்து உண்டு. டிசம்பர் நடுவில் இங்கே சூரியன் மாலை 3:50 வாக்கில் மறைந்துவிடும். நம் ஊரில் ஆள் தூங்கி எழுந்து காபி குடிக்கும் நேரம். அதன் பிறகு அரை மணி, முக்கால் மணி வரை வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். விளக்கும் தெரியும், கட்டடமும் தெரியும். முழு இருட்டில் எடுக்கும் போட்டோவில் கறுப்புக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகள்தான் இருக்கும்; நீல வானத்தில் எடுத்தால் தெருவே வரும். அதனால் 4 மணிக்கோ 4:30க்கோ கிளம்பும் நடையைத் தேர்ந்தெடுங்கள். 7 மணி நடை விலை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் குழந்தையோ பெரியவரோ கூட இருந்தால் அது சரிப்படாது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு வகை உண்டு. ஒன்று, முன்பே பணம் கட்டிப் பதிவு செய்வது. இன்னொன்று, "இலவச நடை" என்று விளம்பரம் செய்து கடைசியில் டிப்ஸ் எதிர்பார்ப்பது. இரண்டாவதில் வருகிற இளைஞர்கள் சில நேரம் பிரமாதமாகப் பேசுவார்கள், கூட்டம்தான் பிரச்சினை. ஒரு தடவை நாற்பது பேர் போல இருந்தோம், மைக் இல்லை. பஸ் சத்தத்தில் அந்தப் பெண் சொன்னதில் எனக்குக் கேட்டது "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" மட்டும். பதிவு செய்வதற்கு முன்னால் குழு எத்தனை பேர், காதில் மாட்டும் கருவி தருவார்களா, நடை எங்கே முடிகிறது என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். 15 பேருக்கு மேல் போகாத குழு என்றால் கூடுதலாக 5 பவுண்டு கொடுக்கலாம் என்பது என் கணக்கு. இலவச நடைக்குப் போனால் ஆளுக்கு 10 பவுண்டாவது கொடுங்கள். குளிரில் இரண்டு மணி நேரம் தொண்டை கிழியப் பேசுகிற பிழைப்பு அது.

வழிகாட்டியின் சட்டையில் நீல பேட்ஜ் இருந்தால் அவர் தேர்வு எழுதித் தகுதி பெற்றவர் என்று அர்த்தம். சின்னச் சின்னத் தகவலும் பிசகாமல் சொல்வார்கள். ஏழெட்டுப் பேராகப் போகிற குடும்பமாக இருந்தால் ஒரு நீல பேட்ஜ்காரரைத் தனியாகவே அமர்த்திக்கொள்ளலாம். ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் அப்படி ஒன்றும் கூடுதல் ஆகாது. நம் வேகத்துக்கு நடப்பார், நாம் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வார்.

மொழி ஒரு விஷயம். என் மாமியாருக்கு ஆங்கிலம் புரியும், ஆனால் லண்டன் உச்சரிப்பில் கடகடவென்று பேசினால் புரியாது. நாம் பக்கத்தில் நின்று கிசுகிசுவென்று மொழிபெயர்த்தால் நமக்கும் கேட்காது, மற்றவர்களும் முறைப்பார்கள். ஆகவே முந்தின நாள் இரவே சாப்பாட்டு மேஜையில் கதையைச் சொல்லிவிடுவேன். எந்தெந்த இடத்தில் என்ன பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துவிட்டால் அங்கே போனதும் அவர்களே, "இதுதானே அந்தக் கப்பல் மரத்துல கட்டின கடை?" என்று கேட்பார்கள். அந்தக் கதைகள் கீழே வரும்.

சந்திக்கும் இடம் பெரும்பாலும் ஏதாவது பாதாள ரயில் நிலைய வாசல். ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் என்றால் எந்த வாசல் என்று கேளுங்கள். நாலு தெருமுனையிலும் படிக்கட்டு இருக்கிறது. டிசம்பர் மாலைகளில் கூட்டம் அதிகமானால் அந்த ஸ்டேஷன் கதவைக் கொஞ்ச நேரம் மூடியும் விடுவார்கள். பாண்ட் ஸ்ட்ரீட்டில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்து வருவதே நிம்மதி, வழியெல்லாம் விளக்குதான்.

உடுத்துவது, சாப்பிடுவது

வெப்பநிலை 5, 6 டிகிரி இருக்கும். பனி கொட்டும் என்று நினைத்து வருகிறார்கள். பெரும்பாலும் கொட்டுவது தூறல்தான். ஒரே தடிமன் கோட்டை நம்பாமல் உள்ளே தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதன் மேல் தண்ணீர் ஒட்டாத, தலைமூடி வைத்த ஜாக்கெட் என்று அடுக்குங்கள். குடை விரித்தால் பின்னால் வருபவர் கண்ணைக் குத்தும். காதை மூடுங்கள். குளிர் முதலில் ஏறுவது காதிலும் கால்விரலிலும்தான். நடக்கும்போது தெரியாது, வழிகாட்டி நிறுத்திப் பேசும் ஐந்து நிமிடத்தில் தெரியும். சேலைதான் கட்டுவேன் என்கிற அத்தை, பெரியம்மாக்கள் உள்ளே கம்பளி லெக்கிங்ஸ் போட்டு, இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஷூ போட்டுக்கொள்ளட்டும். ஷூ விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஈர நடைபாதையில் செருப்பு வழுக்கும்.

நடக்கும் முன்னால் 3 மணிக்கே வயிற்றுக்கு ஏதாவது போட்டுவிடுங்கள். சைவக்காரர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டை ஒட்டி சோஹோ ஸ்ட்ரீட்டில் இஸ்கான் கோயில் பக்கத்திலேயே கோவிந்தாஸ் இருக்கிறது. வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு. வழியில் வறுத்த செஸ்ட்நட் விற்பார்கள், சூடாக இருக்கும், கையையும் காய்ச்சிக்கொள்ளலாம். மின்ஸ் பை என்று ஒரு கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுப்பார்கள். பேரில் மின்ஸ் (கொத்துக்கறி) இருந்தாலும் உள்ளே இருப்பது திராட்சையும் மசாலாவும்தான். ஆனால் பழைய முறையில் செய்தால் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பார்கள். சைவம் என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கழிப்பறையை மறந்துவிடாதீர்கள், பெரியவர்களுக்கு இதுதான் முதல் கவலை. கிளம்பும் முன்னால் ஏதாவது பெரிய கடையில் முடித்துக்கொள்வது நல்லது. நடுவழியில் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு பாதி நடையை அவஸ்தையோடு கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வழிகாட்டிகளுக்கு இது பழகிய கேள்வி, சும்மா கேளுங்கள்.

நடை

வழிகள் ஆளுக்கு ஆள் மாறும். எனக்குப் பிடித்தது ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில் ஆரம்பித்து ட்ரஃபால்கர் ஸ்கொயரில் முடிவது. மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ வரும், நின்று நின்று போனால் இரண்டு மணி நேரம். வடக்கிலிருந்து தெற்காக வருவதில் ஒரு காரணம் இருக்கிறது, அதை ரீஜென்ட் ஸ்ட்ரீட்டில் சொல்கிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில் சில ஆண்டுகளாக நட்சத்திரங்கள் தொங்குகின்றன. ஐந்து நிமிடம் போதும். நல்ல வழிகாட்டி உடனே உங்களைப் பக்கத்துச் சந்துக்குள் இழுத்துவிடுவார்.

கிரேட் மார்ல்பரோ ஸ்ட்ரீட்டில் லிபர்டி என்ற கடை. வெள்ளைச் சுவரில் கறுத்த மரச் சட்டங்கள் ஓடும் பழைய பாணிக் கட்டடம். பார்த்தால் நானூறு வருடம் பழையது போலத் தோன்றும், கட்டியது 1920களில். மரம் மட்டும் நிஜமாகவே பழையது: உடைத்துப் பிரித்த இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் பலகைகள். ஒன்றின் பெயர் ஹெச்.எம்.எஸ். இம்ப்ரெக்னபிள், இன்னொன்று ஹெச்.எம்.எஸ். ஹிந்துஸ்தான். எங்கள் சித்தப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வழிகாட்டி இதைச் சொன்னதும் அவர் விளக்கையெல்லாம் விட்டுவிட்டுச் சுவர் ஓரமாகப் போய் மரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார். "தேக்கா, ஓக்கா?" என்று கேட்டார். இரண்டும் உண்டு என்று பதில் வந்தது. குழு முழுக்கக் காத்திருந்தது. இந்த மாதிரி ஒரு ஆள் உங்கள் கூட்டத்திலும் இருப்பார், அவருக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து இரண்டடி வைத்தால் கார்னபி ஸ்ட்ரீட். வண்டி வராத தெரு, மேலே கயிறு கட்டித் தொங்கவிட்ட அலங்காரம். மற்ற தெருக்கள் ஒரே அலங்காரத்தை வருடக்கணக்கில் வைத்திருக்கும், கார்னபி மட்டும் புதுப்புது யோசனை செய்யும். 2019இல் கடலையும் பிளாஸ்டிக் குப்பையையும் பற்றிய அலங்காரம் வைத்தார்கள்: தலைக்கு மேலே திமிங்கலம், ஆமை. இங்கே குழந்தைகளுக்குத்தான் கொண்டாட்டம். பெரியவர்களுக்கு ரீஜென்ட் ஸ்ட்ரீட்தான் பிடிக்கும் என்பது என் அனுபவம்.

ரீஜென்ட் ஸ்ட்ரீட்டுக்கு வருவோம். வழிகாட்டிக்குக் கொடுத்த பணம் வசூலாகும் இடம் இதுதான், அவசரப்பட வேண்டாம். ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த தெரு. நேராக வந்து, பிக்காடிலி சர்க்கஸ் நெருங்கும்போது கால்வட்டமாக வளையும். இன்று நாம் பார்க்கிற கட்டடங்கள் அவர் கட்டியவை அல்ல, அநேகமாக எல்லாமே 1920கள் வாக்கில் இடித்துக் கட்டியவை. வளைவு மட்டும் அவருடையது. 2016 முதல் இந்தத் தெருவில் தொங்குவது சிறகு விரித்த தேவதைகள். அவற்றில் 3 லட்சம் எல்.இ.டி. விளக்குகள். தெற்கு நோக்கி நடந்தால் தேவதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, வளைவில் ஒவ்வொன்றாகக் கட்டடத்துக்குப் பின்னால் போய் மறையும். அடுத்தது எங்கே என்று தேடிக்கொண்டே நடப்போம். பிக்காடிலியிலிருந்து வடக்கே வந்தால் இந்த வளைவை எடுத்த எடுப்பிலேயே கடந்துவிடுவோம், அப்புறம் நேர்த்தெருதான். வடக்கிலிருந்து வரச் சொன்னது அதனால்தான்.

இந்தத் தெருவில் விளக்கு போடும் வழக்கம் 1954இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒன்பது ஆண்டு ஆகியும் பிரிட்டனில் உணவுப் பங்கீடு முடியவில்லை. கடைசியாக இறைச்சிக்கு இருந்த கட்டுப்பாடு நீங்கியது 1954 ஜூலையில்தான். அந்த ஆண்டு டிசம்பரில் கடைக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டுத் தெருவுக்கு விளக்குக் கட்டினார்கள். இப்போதைய தேவதைகளின் வடிவம் அந்த முதல் அலங்காரத்தை நினைவில் வைத்து உருவாக்கியதுதான். ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட் 1959இல் சேர்ந்துகொண்டது. 1976லும் 1977லும் பொருளாதார மந்தத்தால் அங்கே விளக்கே இல்லை. பெரியம்மா மேலே ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவ்வளவுக்கும் கரண்டு பில் யாருடி கட்டறா?" நான் அதை அப்படியே வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, கடைகளும் கட்டட உரிமையாளர்களும்தான் என்றார். ரீஜென்ட் ஸ்ட்ரீட் பெரும்பாலும் கிரௌன் எஸ்டேட் என்கிற அரச நிலங்களை நிர்வகிக்கும் அமைப்பின் சொத்து. "அப்ப நம்ம சேலைக் கடைக்காரா பந்தல் போடற மாதிரின்னு சொல்லு" என்று பெரியம்மா முடித்துக்கொண்டார்.

2022இல் மின் கட்டணம் எகிறியபோது ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில் விளக்கு எரியும் நேரத்தைப் பிற்பகல் 3 முதல் இரவு 11 வரை என்று குறைத்தார்கள். ஆகவே நள்ளிரவில் போய்க் கூட்டமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று கெட்டிக்காரத்தனம் செய்யாதீர்கள்.

போட்டோவுக்கு ஒரு வார்த்தை. நடைபாதையில் நின்று எடுத்தால் தேவதைகள் கோணலாகத்தான் விழும். சாலையைக் கடக்கும் இடத்தில் நடுவே சின்னத் திட்டு இருக்கும், பச்சை விளக்கில் அங்கே போய் நின்று எடுங்கள். சிவப்பு மாடி பஸ் வரும் வரை பொறுங்கள். எடுத்ததும் போனைப் பைக்குள் வையுங்கள். மத்திய லண்டனில் சைக்கிளிலும் மின்சார பைக்கிலும் உரசிக்கொண்டு வந்து கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு போவது இப்போது சகஜம். சாலைப் பக்கமாக நின்று வாட்ஸ்அப்பில் ஊருக்கு வீடியோ கால் போடுகிறவர்கள்தான் அவர்களுக்கு லட்டு. வீடியோ கால் கண்டிப்பாக வேண்டும் என்றால் கடை வாசலுக்குள் ஒதுங்கி நின்று பேசுங்கள்.

கார்னபியிலிருந்து ரீஜென்ட் ஸ்ட்ரீட்டுக்கு வெளியே வருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஹாம்லீஸ். 1760இல் ஆரம்பித்த பொம்மைக் கடை, 2019 முதல் ரிலையன்ஸ் வசம். வாசலிலேயே ஆட்கள் சோப்புக் குமிழி ஊதி, பொம்மை விமானம் விட்டுக் குழந்தைகளை உள்ளே இழுப்பார்கள். குழந்தை உள்ளே போனால் குழு போய்விடும். "நாளைக்குக் காலையில இங்கதான் வரோம்" என்று முன்கூட்டியே சத்தியம் செய்துவிட்டு நகருங்கள், சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்யுங்கள்.

வளைவிலேயே வீராசாமி உணவகம் இருந்த கதையை எந்த வழிகாட்டியும் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை, கேட்டால் சொல்வார்கள். 1926இல் எட்வர்ட் பால்மர் என்பவர் தொடங்கியது. பிரிட்டனில் நீடித்த இந்திய உணவகங்களில் மிகப் பழையது என்று பெயர் பெற்றது. எம்.பி.யும் மகாராஜாவும் சாப்பிட்ட இடம்.

பிக்காடிலி சர்க்கஸ் விளம்பரத் திரைகளில் கிறிஸ்துமஸ் எதுவும் இல்லை, வருடம் முழுக்க அப்படித்தான். நேரம் இருந்தால் மேற்கே ஐந்து நிமிடம் நடந்து ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடை முகப்பைப் பாருங்கள். 1707இல் தொடங்கிய தேயிலை, பலசரக்குக் கடை. டிசம்பரில் அதன் ஜன்னல்களுக்கு எண் போட்டு, கட்டடம் முழுவதையும் கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணும் காலண்டராக மாற்றுவார்கள். வாசலுக்கு மேலே இருக்கும் கடிகாரத்தில் மணிக்கு ஒரு தடவை இரண்டு பொம்மைகள் வெளியே வந்து ஒன்றுக்கொன்று தலை வணங்கும். கடையைத் தொடங்கிய ஃபோர்ட்னமும் மேசனும்தான் அந்த இருவர். 5 மணியோ 6 மணியோ அடிக்கும்போது எதிர்ப்புற நடைபாதையில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எதிரே கொஞ்சம் தள்ளி பர்லிங்டன் ஆர்கேட், 1819இல் திறந்தது. சீருடைக் காவலர்கள் இருப்பார்கள், உள்ளே சீட்டி அடிக்கக் கூடாது என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். எங்கள் அக்கா பையன் அடித்துப் பார்த்தான். காவலர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு விரலை ஆட்டினார். இருவருக்கும் திருப்தி.

பிக்காடிலி சர்க்கஸிலிருந்து கிழக்கே போனால் செவன் டயல்ஸ், கோவென்ட் கார்டன் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். செவன் டயல்ஸ் என்பது ஏழு தெரு சேருகிற இடம். நடுவில் ஒரு தூண், அதில் சூரியக் கடிகாரம் ஆறுதான். ஏழாவது எங்கே என்று வழிகாட்டி கேட்பார். தூணே ஏழாவது என்று சொல்லி அசத்துங்கள். கோவென்ட் கார்டனில் பெரிய மரம், சந்தைக் கூரைக்குக் கீழே ராட்சத மணிகள், தெருக் கலைஞர்கள். இங்கே கால் வலிக்க ஆரம்பித்திருக்கும், உட்கார இடம் கிடைக்காது. முட்டி வலிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனால் இந்தக் கட்டத்தை வெட்டிவிட்டு, லெஸ்டர் ஸ்கொயர் வழியாக நேரே ட்ரஃபால்கர் போய்விடலாம். தவறியும் கோவென்ட் கார்டன் ஸ்டேஷனில் இறங்கவோ ஏறவோ வேண்டாம். லிஃப்ட்டுக்கு வரிசை நிற்கும், அது இல்லையென்றால் 193 படி.

நார்வேயின் மரம்

ட்ரஃபால்கர் ஸ்கொயர் மரத்தைப் பார்த்ததும் பாதிப்பேர் "இவ்வளவுதானா?" என்பார்கள். உண்மையைச் சொன்னால் ஷாப்பிங் மால் மரங்கள் இதைவிடப் பளபளப்பாக இருக்கும். இருபது மீட்டருக்கு மேல் உயரம், ஆனால் அலங்காரம் என்று பார்த்தால் மேலிருந்து கீழே நேர்க்கோடாகத் தொங்கும் வெள்ளை விளக்குச் சரங்கள் மட்டும். நார்வே வழக்கம் அது. 2021இல் வந்த மரம் இடையிடையே கிளையில்லாமல் இளைத்துப் போயிருந்தது என்று இணையத்தில் ஊரே கேலி செய்தது.

கதை தெரிந்தால் பார்வை மாறும். 1940இல் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தபோது அதன் அரசர் ஹாகோனும் அரசாங்கமும் லண்டனுக்கு வந்து, போர் முடியும் வரை இங்கிருந்துதான் இயங்கினார்கள். அந்த உதவிக்கு நன்றியாக ஆஸ்லோ நகரம் 1947 முதல் ஆண்டுதோறும் ஒரு மரம் அனுப்புகிறது. ஆஸ்லோவைச் சுற்றியுள்ள காட்டில் வளர்ந்த ஸ்ப்ரூஸ் மரம், பெரும்பாலும் ஐம்பது அறுபது வயது இருக்கும். நவம்பரில் வெட்டிக் கடல் வழியாகக் கொண்டுவருவார்கள். அடியில் ஒரு பலகையில் இந்த நன்றியை எழுதி வைத்திருக்கிறார்கள், குழந்தைகளைப் படிக்கச் சொல்லுங்கள். டிசம்பர் மாலைகளில் மரத்தடியில் ஏதாவது ஒரு குழு கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடி அறப்பணிக்கு உண்டியல் குலுக்கும். இரண்டு பாட்டாவது நின்று கேளுங்கள். ஜனவரி 5, 6 தேதிகளோடு மரம் போய்விடும், தூளாக்கி உரமாகப் பயன்படுத்துவார்கள்.

வழிகாட்டி இங்கே விடைபெற்றுவிடுவார். அவர் போன பிறகு சென்னைக்காரர்களுக்கு நான் இரண்டு காட்சி காட்டுவேன். சதுக்கத்தின் வடகிழக்கு மூலையில் நான்காம் ஜார்ஜ் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார், பிரான்சிஸ் சான்ட்ரி செய்த சிலை. கால் வைக்க அங்கவடி கிடையாது. தீவுத்திடல் மன்றோ சிலையை நினைத்துக்கொள்ளுங்கள், அதிலும் அங்கவடி இல்லை. அதைச் செய்தவரும் இதே சான்ட்ரிதான். அடுத்தது, சிலைக்குப் பின்னால் சாலையைத் தாண்டித் தெரியும் செயின்ட் மார்ட்டின் தேவாலயம். 1726இல் கட்டி முடித்தது. எழும்பூரில் ரயில் நிலையம் போகிற வழியில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் என்ற தேவாலயம் 1821இல் திறந்தது; இதைப் பார்த்துத்தான் அதன் அமைப்பை வகுத்தார்கள். தூண் வரிசை, முக்கோண முகப்பு, மேலே கூர்கோபுரம். சின்ன வயதில் கர்க் மதிலோரமாகப் பள்ளிக்கு நடந்த எனக்கு லண்டனில் முதலில் பழகிய முகமாகத் தெரிந்த கட்டடம் இதுதான். சித்தப்பா மட்டும் "நம்மளோடதுதான் லட்சணம்" என்றார். உள்ளே வட்டக் கூரையும் நீல வண்ணமும் என்று பார்த்தால் நானும் அவர் கட்சி.

நடக்க முடியாதவர்களுக்கு, வீடு திரும்புவதற்கு

முட்டி ஒத்துழைக்காத பெரியவர்களை இதற்காக வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். 139ஆம் எண் பஸ் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட், ரீஜென்ட் ஸ்ட்ரீட், பிக்காடிலி, ட்ரஃபால்கர் என்று இதே வழியில்தான் போகிறது. ஏற முடிந்தால் மேல்மாடி முன் சீட், முடியாவிட்டால் கீழே. தேவதைகளுக்கு அடியிலேயே பஸ் ஊர்ந்து போகும். டிசம்பர் நெரிசலில் பஸ் மெதுவாகப் போவதற்கு நாம் சந்தோஷப்படும் ஒரே சந்தர்ப்பம் அது. கார்டைத் தொட்டு ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம். ஒருவர் அவர்களோடு பஸ்ஸில், மற்றவர்கள் வழிகாட்டியோடு நடந்து, கடைசியில் மரத்தடியில் சேர்ந்துகொள்ளலாம்.

ஈஸ்ட் ஹாம் பக்கம் போகிறவர்கள் ட்ரஃபால்கரிலிருந்து நார்தம்பர்லாண்ட் அவென்யூ வழியாக ஆற்றுப் பக்கம் ஐந்து நிமிடம் இறங்கி எம்பேங்க்மென்ட் போய்விடுங்கள். டிஸ்ட்ரிக்ட் லைன் நேரே வீட்டில் விடும். வெம்ப்ளி, ஹாரோக்காரர்களுக்குச் சதுக்கத்திலேயே சேரிங் கிராஸ் வாசல், பேக்கர்லூ லைன். டூட்டிங் போகிறவர்கள் அதே ஸ்டேஷனில் நார்தர்ன் லைன் பிடித்து கென்னிங்டனில் மாற வேண்டியிருக்கும். எந்த லைனாக இருந்தாலும் ரயிலில் ஏறும் முன் கைக்குட்டை, குல்லாய், கையுறை எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டு ஒற்றைக் கையுறைகளுக்கு ஜோடி எல்லாம் இந்த வெஸ்ட் எண்ட் தெருக்களில்தான் கிடக்கிறது.